கிறக்கர் பெட்டியும் கௌபிச் சட்டியும்

அக்காவின் மகளுக்குக் கோதுமை ஆகாது என்று தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. செலியாக் நோய், அதாவது குளூட்டன் என்ற தானியப் புரதம் சிறுகுடலைச் சேதப்படுத்துகிற நோய். இரத்தப் பரிசோதனை, பிறகு குழாய் விட்டுச் சிறுகுடலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தது எல்லாம் முடிந்து, கையில் வந்தது ஒரு வரிதான்: கோதுமை, பார்லி, ரை மூன்றும் ஆயுளுக்கும் கூடாது. பிள்ளைக்கு வயது 11. பாண் இல்லை, ரொட்டி இல்லை, கொத்து இல்லை, கன்ரீன் ரோல்ஸ் இல்லை.

திருகோணமலையில் இருந்துகொண்டு கோதுமையைத் தவிர்ப்பது ஒரு வேடிக்கை. இலங்கைக்குத் தேவையான கோதுமை முழுக்கக் கப்பலில்தான் வருகிறது. அதில் பெரிய பங்கு எங்கள் துறைமுகத்தில் இறங்கி, சீனக்குடாவில் இருக்கும் பிரீமா ஆலையில் மாவாகிறது. சோறு இருக்கிறது, இடியப்பம் இருக்கிறது, பிட்டு இருக்கிறது, பிறகென்ன என்று பலர் சொன்னார்கள். கடை இடியப்பத்தில் அவித்த கோதுமை மா கலந்திருக்கும், பிட்டிலும் அப்படித்தான். வீட்டு அரிசிமா சரி. ஆனால் அதை அரிக்கிற அரிதட்டில் போன வாரம் கோதுமை மா அரித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் கண்ணியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அக்கா முதலில் செய்த வேலை புது அரிதட்டும் புது இடியப்ப உரலும் வாங்கியதுதான். இரண்டிலும் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார், வேறு யாரும் தொடக்கூடாது.

வீட்டுச் சாப்பாடு இப்படி ஒழுங்குக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூட இடைவேளைதான் பிரச்சினை. அத்தானின் தம்பி டொரொண்டோவிலிருந்து குளூட்டன் இல்லாத கிறக்கர், அதாவது மொறுமொறு உப்புப் பிஸ்கட், ஆறு பெட்டி அனுப்பியிருந்தார். நல்ல மனசு, விலையைக் கேட்டால் தலை சுற்றும். பிள்ளை தினமும் ஆறு கிறக்கர் எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு வாரம் கழித்து அக்கா உப்புவெளிக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“தம்பி, இதைச் சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில பசிக்குது எண்டுறாள். இதுக்குள்ள என்னதான் இருக்கு எண்டு ஒருக்காப் பார்.”

பார்த்தேன். வெள்ளையரிசி மா, உருளைக்கிழங்கு மாப்பொருள், பாம் எண்ணெய், உப்பு, கொஞ்சம் சீனி. 30 கிராமுக்கு 130 கலோரி, புரதம் 2 கிராம், நார்ச்சத்து 1 கிராமுக்கும் குறைவு, சோடியம் 180 மில்லிகிராம். முன்பக்கத்தில் குளூட்டன் இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பொய் இல்லை. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அப்படிப் போட முடியாது, அதுதான் சர்வதேச அளவுகோல். ஆனால் அந்த எழுத்து அந்த ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வயிற்றை நிரப்புமா என்பது பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் இருந்தது.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது கௌபி, தட்டைப்பயறு என்றும் சொல்வார்கள். சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாடு அதுதான். அவித்த கௌபி, மேலே தேங்காய்ப்பூ, பக்கத்தில் கட்டச் சம்பல். மத்தியானம் வரை பசியே எடுக்காது. இதைச் சொன்னபோது பிள்ளை முகத்தைச் சுளித்தாள். டொரொண்டோச் சித்தப்பா வீடியோவில் ‘பீன்ஸ் நிறையக் கொடுங்கோ’ என்று சொல்ல, அவள் போஞ்சியை நினைத்துக்கொண்டாளாம். போஞ்சி காய்கறி, பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராமில் புரதம் 2 கிராம்கூட வராது. அவர் சொன்னது விதைகளை: கௌபி, கடலை, பயறு, சிவப்புப் போஞ்சி விதை போன்றவை. அது வேறு உலகம்.

சரி, ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று கொப்பியும் டிஜிட்டல் தராசும் எடுத்து உட்கார்ந்தேன். முதல் அடியிலேயே சறுக்கினேன். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையில் அவித்த கௌபி 100 கிராமில் 116 கலோரி, புரதம் 7.7 கிராம். கிறக்கரையும் 100 கிராமுக்கு மாற்றினால் புரதம் 6.7. “அக்கா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான்” என்று சொல்லியும் விட்டேன். அவர் நம்பவில்லை. நம்பாதது நல்லதாய்ப் போயிற்று.

அன்றிரவு 100 கிராம் கௌபியை நிறுத்து ஊறப் போட்டேன். காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அவித்து, வடித்து மறுபடி நிறுத்தேன். 262 கிராம். கூடியது முழுக்கத் தண்ணீர். அவித்த கௌபியில் 70 சதவீதம் தண்ணீர், கிறக்கரிலோ ஐந்து சதவீதம் இருந்தாலே பெரிது. ஈரத்தையும் உலர்ந்ததையும் ஒரே எடையில் வைத்துப் பார்ப்பது, ஊறின பாயையும் காய்ந்த பாயையும் நிறுத்துவிட்டு எது நல்ல பாய் என்று கேட்பது மாதிரி.

கலோரியைச் சமமாக வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளித்தது. கிறக்கரின் 130 கலோரிக்கு ஈடாக அவித்த கௌபி 112 கிராம் வேண்டும், ஒரு சின்னக் கோப்பை. அதில் புரதம் 8.7 கிராம், நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல், இரும்பு 2.8 மில்லிகிராம். கிறக்கரில் புரதம் 2, நார் ஒன்றுக்கும் கீழே. அரை மணித்தியாலத்தில் பசித்ததற்குக் காரணம் இதற்குமேல் தேட வேண்டியதில்லை. கடலையும் பயறும் கௌபிக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. அவித்த கடலையில் 100 கிராமுக்குப் புரதம் 8.9, பயற்றில் 7.

இன்னொன்றையும் அக்காவுக்குக் காட்டினேன். செலியாக் உள்ளவர்களின் குடல் சேதப்பட்டிருப்பதால் இரும்பும் ஃபோலேட் என்ற விற்றமினும் குறைந்து போவது சாதாரணம். பிள்ளைக்கும் இரத்தத்தில் இரும்பு குறைவுதான். பல நாடுகளில் கோதுமை மாவில் இந்த இரண்டையும் சேர்த்தே விற்கிறார்கள், குளூட்டன் இல்லாத பண்டங்களில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அவித்த கௌபி 100 கிராமிலோ ஃபோலேட் 200 மைக்ரோகிராமுக்கு மேல், பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையானதில் பாதி. இரும்பு மட்டும் கொஞ்சம் பிகு பண்ணும். விதையில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தால், முளைக்கவிட்டால் பிடி தளரும். மேலே தேசிக்காய் பிழிந்தால் உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் அந்த நன்மை குறைந்துவிடும். இதைச் சொன்னபோது தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருந்த அத்தான் என்னை முறைத்தார்.

கௌபி வென்றுவிட்டது, கதை முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த திங்களே அக்கா கௌபி அவித்து, தேங்காய்ப்பூ போட்டு, பெட்டியில் கட்டிக் கொடுத்தார். ஆனி மாத வெயில். பத்தரை மணிக்குப் பெட்டியைத் திறந்தபோது தேங்காய்ப்பூ புளித்த வாசம். பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பிடித்தாளாம். “மாமா, எனக்குக் கடிக்கிற சாமான்தான் வேணும். மொறுமொறு எண்டு.” அதற்கு மேல் அவளோடு வாதாட முடியவில்லை. பையில் கிடந்தாலும் கெடாமல், ஒழுகாமல், கையால் எடுத்துக் கடிக்கக்கூடியதாக இருப்பது கிறக்கரின் பெரிய குணம். அப்படியானால் கௌபியிலேயே கிறக்கர் செய்தால் என்ன?

முதல் ஞாயிறு. வெள்ளைக் கௌபியைக் கழுவி வெயிலில் காயவைத்து, பச்சையாகவே வீட்டுக் கிரைண்டரில் அரைத்தேன். மில்லுக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே ஒரே இயந்திரத்தில் யார் யாருடைய எதெல்லாம் அரைபடும் என்று யாருக்குத் தெரியும். மாவில் உப்பு, எண்ணெய், தண்ணீர் விட்டுக் குழைத்து, தட்டி, சின்ன மின் ஓவனில் வைத்தேன். வெளியே வந்தது ஓடு. கடிக்க முடிந்த இடத்தில் பச்சை அவரை வாசம். அதோடு ஒரு யோசனையும் வந்தது. கௌபிக்குப் பதிலாகச் சிவப்புப் போஞ்சி விதையை இப்படிச் செய்திருந்தால் ஆபத்து. அதில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப்பொருள் வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். ஊறவைத்த பிறகு குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும், மெல்லிய சூடு போதாது. கௌபியில் அது மிகக் குறைவு. இருந்தாலும் எந்த விதையானாலும் முதலில் அவிப்பது என்று அன்றே முடிவு பண்ணினேன்.

இரண்டாவது ஞாயிறுக்கு வெள்ளிக்கிழமையே தொடங்க வேண்டியிருந்தது. 200 கிராம் கௌபியை முந்தின இரவே ஊறவைத்து, குக்கரில் இரண்டு விசில். சந்தையில் வாங்கும்போதே புதுக் கௌபியா என்று கேட்டு வாங்க வேண்டும். பழசு எவ்வளவு அவித்தாலும் நடுவில் கல்லாய் நிற்கும். வடித்ததைச் சுளகில் பரப்பி முற்றத்தில் வைத்தேன். கச்சான் காற்று அடிக்கிற காலம். எங்கள் ஊரில் கச்சான் என்றால் வறுத்துத் தின்கிற நிலக்கடலையும்தான், தரைப்பக்கமிருந்து சூடாக வீசுகிற தென்மேல் காற்றும்தான். அந்தக் காற்றில் உடுப்பு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். பக்கத்து வீட்டில் கருவாடு காய்வதால் ஈயும் காகமும் எனக்கும் பங்குக்கு வந்தன. பழைய நுளம்பு வலையை மடித்து மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தேன். ஒன்றரை நாளில் கௌபி சுருங்கி, விரலால் சுண்டினால் டிக் என்று சத்தம் கேட்டது. அரைத்த மாவில் வாசம் போய்விட்டது, வறுத்த பயற்றம்மா மாதிரி ஒரு நல்ல மணம்.

ஆனால் குழைத்தால் நிற்கவில்லை. உருட்டும்போது ஓரமெல்லாம் காய்ந்த வயல் மாதிரி வெடித்தது. குளூட்டன் என்பது கோதுமையில் சவ்வு மாதிரி இழுபடுகிற புரதம். ரொட்டிக்கு வீசினால் கிழியாமல் விரிவது அதனால்தான். அது இல்லாத மாவுக்கு வேறு ஏதாவது பசை வேண்டும். பெட்டிக் கிறக்கரில் உருளைக்கிழங்கு மாப்பொருள் போட்டது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

நான் முட்டை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்க, அக்கா வந்து எட்டிப் பார்த்தார். “இடியப்பத்துக்கு என்னடா செய்யிறனாங்கள்? கொதிதண்ணி ஊத்திக் குழை.”

இருபது வருடம் இடியப்பம் தின்றவனுக்கு இது தோன்றவில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அரிசிமாவின் மாப்பொருள் வெந்து பசையாகிவிடும், அது மற்றதைப் பிடித்துக்கொள்ளும். கௌபி மாவுக்கு இது அவ்வளவாக வேலை செய்யாது, அது ஏற்கெனவே அவிந்தது. ஆகவே அரிசிமா சேர்க்க வேண்டும். சேர்த்தால் இன்னொரு இலாபமும் உண்டு. பருப்பு வகைகளில் லைசின் என்ற அமினோ அமிலம் தாராளம், மெதியோனைன் குறைவு. அரிசியில் அது நேர்மாறு. சோறும் பருப்பும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டுகிற அதே கணக்கு.

மூன்றாவது ஞாயிறு. கௌபி மா முழுதும், அதாவது 200 கிராம் விதையிலிருந்து வந்தது. தீட்டாத சிவத்தப் பச்சையரிசி மா 100 கிராம், வீட்டில் அரைத்து இலேசாக வறுத்தது. எள்ளு 30 கிராம், நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு 5 கிராம், இடித்த மிளகு. அரிசிமாவில் முதலில் கொதிதண்ணீர், அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் மற்றதைக் கொட்டிப் பிசைந்தேன். நின்றது! சோறு கட்டுகிற லஞ்ச் சீற்று இரண்டுக்கு நடுவில் வைத்து உருட்டினேன். ரொட்டிக் கட்டையைத் தொடவில்லை, அந்த மரத்தின் வெடிப்புகளில் எத்தனை வருடக் கோதுமை இருக்கிறதோ. கழுவிய கண்ணாடிப் போத்தல்தான். தடிப்பு ஒரே சீராக வரப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஐஸ்கிறீம் குச்சி வைத்து, போத்தலை அவற்றின் மேல் ஓடவிட்டேன். சுமார் 2 மில்லிமீற்றர். முள்ளுக்கரண்டியால் குத்தி, கத்தியால் சதுரம் கீறி, 160 பாகையில் 20 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னொரு 8 நிமிடம். ஓவனை நிறுத்திவிட்டுக் கதவை விரல் அகலம் திறந்து அப்படியே ஆறவிட்டேன். இதுதான் முறுகலுக்கு முக்கியம், உள்ளே மிஞ்சிய ஈரம் மெதுவாகப் போகும்.

எடுத்து ஒடித்தேன். படக் என்று உடைந்தது. வாயில் எள்ளு, மிளகு, பின்னால் மெல்லிய பெருங்காயம். பெருங்காயம்! வாயுத் தொல்லை வராமலிருக்கக் கடைசி நேரத்தில் ஒரு சிட்டிகை போட்டிருந்தேன். ஏதோ உறுத்த, டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மானங்களில் முதலாவதாகக் கோதுமை மா. பெருங்காயப் பிசின் தனியாக மிகக் காட்டம், அதனால் தூளாக விற்கும்போது மா கலந்துதான் விற்கிறார்கள். சிலது அரிசிமா, பல கோதுமை மா. பத்து வருடமாக அந்த டப்பாவைப் பாவிக்கிறேன், ஒருநாளும் வாசித்ததில்லை. ஓவன் தட்டு, போத்தல், கரண்டி எல்லாம் மறுபடி கழுவினேன். மூன்றாவது தட்டுக் கிறக்கர் முழுக்க என் வேலையிடத்து நண்பர்களுக்குப் போயிற்று. அடுத்த தடவை எப்போது என்று கேட்டார்கள்.

நான்காவது ஞாயிறு அதே செய்முறை, பெருங்காயத்துக்குப் பதில் சின்னச்சீரகம். தராசில் 338 கிராம் வந்தது. 30 கிராமுக்கு ஏழு கிறக்கர். போட்ட சாமான்களின் சத்தைக் கூட்டி எடைக்குப் பிரித்தேன். 30 கிராமில் ஏறத்தாழ 128 கலோரி, புரதம் 5 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, நார்ச்சத்து 2.5 கிராம் அளவு, சோடியம் 170 மில்லிகிராம். பெட்டிக் கிறக்கரோடு பார்த்தால் கலோரி அதேதான், புரதமும் நாரும் இரண்டரை மடங்கு. சோடியத்தில் நான் ஒன்றும் கிழிக்கவில்லை. உப்பைக் குறைத்துச் செய்த சின்னத் தட்டை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

அவித்த கௌபிக் கோப்பையோடு வைத்தால் என் கிறக்கர் தோற்றுத்தான் போகிறது. அங்கே அதே கலோரிக்குப் புரதம் 8.7, இங்கே 5.3. அரிசிமாவும் எண்ணெயும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஃபோலேட் கதை இன்னும் மோசம். அது தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். அவித்து வடித்து, வெயிலில் காயவைத்து, மறுபடி சுட்ட பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆகவே இப்போது வீட்டில் இரண்டும் நடக்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கிறக்கர், சனி ஞாயிறு காலையில் தேசிக்காய் பிழிந்த கௌபி. முதல் வாரம் இரண்டு கரண்டிதான் கொடுத்தோம். ஆறிவருகிற குடலில் ஒரேயடியாக நாரைக் கொட்டினால் வயிறு ஊதும்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. கடற்கரையிலிருந்து என் வீடு கூப்பிடு தூரம். ஆறாத கிறக்கரை டப்பாவில் போட்டால் அடுத்த நாளே நமுத்துவிடும், நன்றாக ஆறவிட்டுப் போட்டாலும் ஐந்தாம் நாள் கடி தளர்கிறது. 120 பாகையில் ஆறேழு நிமிடம் வைத்தால் மீண்டும் முறுகும். இரண்டாம் தடவை அப்படிச் செய்தால் எள்ளு கருகிக் கசக்கிறது. அதனால் ஒரு வாரத்துக்கு மேல் சுட்டு வைப்பதில்லை. காய்ந்த கௌபி மாவைத்தான் போத்தலில் அடைத்து வைக்கிறேன்.

பிள்ளையிடம் முதல் நாள் ஏழு கொடுத்தனுப்பினோம். திரும்பி வந்து சொன்னாள்: “மாமா, நாளைக்குப் பத்து போடுங்கோ. மூண்டு பேருக்குக் குடுக்கோணும்.” அப்புறம் கொஞ்சம் யோசித்து, “பெட்டிக் கிறக்கர்தான் இதைவிட மொறுமொறு” என்றும் சொன்னாள். உண்மைதான்.

டொரொண்டோப் பெட்டிகளில் இரண்டு இன்னும் உடைக்காமல் அக்காவின் அலுமாரி மேல்தட்டில் இருக்கின்றன. ஐப்பசி பிறந்து வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் முற்றத்தில் கௌபி காயாது. ஓவனிலேயே காயவைத்தால் மின்சாரப் பட்டியலை யார் கட்டுவது என்று அத்தான் கேட்கிறார். அதுவரை அவற்றைத் தொடக்கூடாது என்று அக்கா அவற்றிலும் சிவப்பு நூல் கட்டிவிட்டார்.